அப்பாவின் ஹெர்குலிஸும் அக்காவின் நெளிசலும்

போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு சைக்கிளின் படத்தை இங்கே போட்டேன். "சார், ரிட்டயர்டு ஆகி காயலாங்கடை வச்சிட்டீங்களா?" என்று 1994 பேட்ச் கேட்டது. "சித்தப்பா, அது தாத்தா வண்டிதானே?" என்று பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி. ஆமாம், அதே வண்டிதான். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதுகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு. இன்றைக்கும் அப்படித்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த சைக்கிளைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சி நடத்தும்போது ஒருமுறை, பத்தாம் வகுப்பில் யாராவது லேட்டாக வந்தால் ஒருமுறை. அதில் இரண்டு விஷயம் தப்பு. திருத்திச் சொல்லாவிட்டால் வரலாற்று வாத்தியார் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

வண்டி எங்கள் ஊர் வீட்டில், தறிக் குழிக்கு மேலே உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பாலாற்றுக்குத் தெற்கே, அவளூர் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர். அப்பா போனபின் யாரும் அதைத் தொடவில்லை. போன தை மாதம் வீட்டுக்கு ஓடு மாற்றும்போது கொத்தனார் இறக்கி வெளியே சாத்தி, "எடைக்குப் போட்டுடலாமா சார்?" என்றார். மனசு வரவில்லை. மினி லாரியில் போட்டு வாலாஜாபாத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கொண்டுவந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்து வருஷம் மிதித்திருக்கிறேன், பஞ்சர்கூட நானாக ஒட்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். "ஓவராயிலுக்கு விட்டுட்டுப் போங்க சார், ஒரு வாரத்துல பவுடர் கோட்டிங் பண்ணி புதுசாக்கிக் கொடுத்திடுறேன்" என்றார். நானே செய்கிறேன், நீ வழி மட்டும் காட்டு என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு ஸ்பானரும் ஒரு சின்ன சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். நான் அவருக்கு வரலாற்றில் 37 மார்க் போட்டவன். அதை அவர் மறக்கவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

முதல் மூன்று நாள் அழுக்கு எடுப்பதிலேயே போனது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. டீசலில் துணி நனைத்துத் துடைத்தேன். துருவுக்குப் பழைய புளியும் உப்புத்தாளும். முன்னால் ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு சின்னத் தகடு, நாற்பது வருஷக் கரியும் பஞ்சு நூலும் அப்பி மூடியிருந்தது. அதைத் தேய்க்கத் தேய்க்க ஹெர்குலிஸ் என்ற பெயர் வந்தது. அது தெரிந்ததுதான். அதற்குக் கீழே தேய்ந்துபோன பொடி எழுத்தில் இன்னொரு சொல் வந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மெட்ராஸ்.

இதுதான் முதல் திருத்தம். அப்பா சாகும்வரை அதை "சீமை வண்டி" என்றுதான் சொன்னார். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது, இந்த மாதிரி இரும்பு இனிமேல் வராது என்பார். நானும் அப்படியே உங்களிடம் சொன்னேன். தப்பு. வண்டி செய்தது அம்பத்தூரில். எங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் மிதித்தே போய்விடக்கூடிய தூரம்.

ஆனால் அப்பா பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அவர் வாலிபராக இருந்தபோது நல்ல சைக்கிள் என்றால் சீமையிலிருந்து வந்ததுதான். இன்று நாம் ஓட்டும் அமைப்பில், ஒரே அளவு இரண்டு சக்கரம், பின் சக்கரத்துக்குச் செயின் என்று வண்டியைச் செய்து விற்பனையில் வெற்றிகண்டவர் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885இல். மூன்று வருஷம் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்தரையில் அதிராமல் போவதற்காகச் செய்து பார்த்ததாம். அதன் பிறகு கவென்ட்ரி, பர்மிங்காம், நாட்டிங்காம் மூன்று ஊரும் உலகத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பின. ராலே நாட்டிங்காம். பிஎஸ்ஏ என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், பெயரிலேயே தெரியும், துப்பாக்கிக் கம்பெனி. அதனால்தான் அவர்கள் சின்னத்தில் மூன்று துப்பாக்கி சாத்தி வைத்திருக்கும். ஹெர்குலிஸும் பர்மிங்காம்தான், 1910இல் ஆரம்பித்தது. மற்றவர்கள் கௌரவத்தை விற்றபோது இவர்கள் மலிவை விற்றார்கள். அப்படியே உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்றானார்கள்.

1946இல் ஹெர்குலிஸை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழாய்க் கம்பெனி வாங்கியது. அடுத்த வருஷம் நமக்குச் சுதந்திரம். இனிமேல் முழு வண்டியாகக் கப்பலில் அனுப்பிக் காலம் தள்ள முடியாது என்று வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிளை இங்கேயே செய்ய வேண்டும் என்பது அன்றைய அரசின் எண்ணம். இந்தப் பக்கம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்தவர்கள், யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து 1949இல் தொடங்கியதுதான் டிஐ சைக்கிள்ஸ். 1951இல் அம்பத்தூரிலிருந்து முதல் ஹெர்குலிஸ் வெளியே வந்தது. வடக்கே அட்லஸ் சோனிபட்டில் தொடங்கியதும் அதே 1951தான். வங்காளத்தில் அசன்சோலில் சென் ராலே. ஹீரோ கொஞ்சம் பிந்தி, 1956, லூதியானா. எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்குள் நாட்டின் நாலு மூலையிலும் சைக்கிள் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி வகுப்பில் அணைக்கட்டுகளை மட்டும் நடத்தினேன். இதை நடத்தவில்லை.

வண்டி மட்டும் செய்தால் போதுமா? குழாய் வேண்டும், செயின் வேண்டும், டயர் வேண்டும். ஆவடியில் 1955இல் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. 1960இல் அமெரிக்க டயமண்ட் கம்பெனியோடு சேர்ந்து செயின். டைனமோவுக்கு டிஐ மில்லர். அம்பத்தூரிலேயே டன்லப் டயர். இவ்வளவு ஏன், நான் துரு தேய்த்த உப்புத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், கார்போரண்டம் யுனிவர்சல். 1954இல் அதே முருகப்பா குடும்பம் தொடங்கியது. அப்பாவின் வண்டியையும் அவர்கள்தான் செய்தார்கள், அதன் துருவை எடுக்கும் தாளையும் அவர்கள்தான் செய்கிறார்கள். செட்டியார் கணக்கு என்றால் சும்மாவா!

சரி, வண்டிக்கு வருகிறேன். இடது பெடலைக் கழற்ற ஒரு முழு காலை போனது. ஸ்பானரைப் போட்டு வழக்கம்போல இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். ஸ்பானர் மேலே ஏறி நின்றேன். என் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கடைசியில் மாணவருக்குப் போன் போட்டால், "சார், லெஃப்ட் பெடல் உல்டா மரை சார். நீங்க டைட் பண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்கிறார். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்று விடாமல் இருப்பதற்காக இடப்பக்கத்துக்கு மட்டும் மரையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். பிற்பாடு ஏரோப்ளேன் விட்ட ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா, அவர்கள் 1900இல் செய்து விற்ற வண்டிகளிலும் இந்த இடது மரை உண்டு. இதை நான் முன்பே படித்திருக்கிறேன். படித்ததற்கும் ஸ்பானர் பிடித்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது காட்டர் பின். பெடல் கையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன இரும்பு ஆப்பு. பழைய வண்டியைப் பிரிக்கிற எல்லாரையும் அழவைப்பது இதுதான் என்றார் மாணவர். அடிக்கிற அடி அச்சுக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளில் இறங்கினால் கிண்ணம் பள்ளமாகிவிடும். அதனால் பெடல் கைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு, நட்டைப் பாதி மட்டும் கழற்றி, ஒரே அடியாக அடிக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தால் பின் தலை நசுங்கிப் போகும். எனக்கு நசுங்கிப் போனது. லேத்துப் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டு எடுத்தார்கள். உள்ளே ஒரு பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு குண்டு இருக்க வேண்டும். எனக்கு இருபதுதான் கிடைத்தது. மீதி இரண்டு திண்ணையில் உருண்டதா, அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே எந்தக் கடைக்காரராவது குறைத்துப் போட்டாரா, தெரியாது.

முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. இது அந்தக் கால இங்கிலீஷ் கணக்கு. பாரம் பின்னால் விழுகிறது அல்லவா. நம் ஊரில் அந்தப் பின் பாரம் என்பது நெல் மூட்டை, பால் கேன், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் சேர்ந்தது. இப்போதும் 28 அங்குல டயரும் கம்பி பிரேக் சாமானும் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பழைய வண்டி புதுப்பிக்கிறவர்கள் இவற்றை இந்தியாவிலிருந்து வரவழைக்கிறார்களாம். பர்மிங்காம் ஹெர்குலிஸ் ஆலை எப்போதோ போய்விட்டது. பெயர் இங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு வம்பு இழுத்திருப்பேன்.

சீட்டுக்கு அடியில் போல்ட்டோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டிய ஒரு தகட்டு வில்லை கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது சைக்கிளுக்கு உள்ளாட்சியில் வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக ஒரு வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாமல் மாட்டினால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனாலும் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். எங்கள் வில்லையில் ஊர்ப் பெயர் தேய்ந்துவிட்டது. 67-68 என்பது மட்டும் தெரிகிறது. அப்பா பழைய வண்டியாகத்தான் வாங்கினார், அப்போது எனக்கு ஏழு எட்டு வயது. ஆக, வண்டி அம்பத்தூரை விட்டுக் கிளம்பியது 1951க்கும் 63க்கும் நடுவில் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

இனி இரண்டாவது திருத்தம். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

செயின் கவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல் உண்டு. அது என்னால் வந்தது என்பது எங்கள் வீட்டு வரலாறு. 1965, எனக்குப் பத்து வயது. குரங்கு பெடல் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். கால் எட்டாத பிள்ளைகள் வண்டிக்கு இடப்பக்கம் நின்று, பாருக்கு அடியில் வலது காலை விட்டு மிதிப்பதுதான் குரங்கு பெடல். ஒரு நாள் காலையில் அப்பா நெளிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவு சுற்றும் கழியால் இரண்டு போட்டார். நானும் எங்கேயோ போட்டிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். தினமும் விழுகிறவனுக்கு எந்த விழுகை என்று கணக்கா இருக்கும்?

கவரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வந்தது. கவர் வலப்பக்கம். குரங்கு பெடல்காரன் நிற்பது இடப்பக்கம், விழுந்தால் பெரும்பாலும் தன் பக்கமே சாய்ந்து விழுவான். அதுவுமில்லாமல் நெளிசல் தரையில் உராய்ந்த மாதிரி இல்லை. வளைவாக, ஏதோ உருண்டை விளிம்பில் போய் மோதின மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி ஒன்று உண்டு. அந்த விளிம்புதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவள், உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிறாள். "ஏன்க்கா, அந்த செயின் கவரு நெளிஞ்சது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தாள்.

"நான்தான்டா மோதினேன்."

"நீயா? நீ எப்ப சைக்கிள் ஓட்டின?"

"நிலா காலத்துல. நைனா தூங்கினதுக்கப்புறம். அம்மாதான் கேரியரைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடியாந்தாங்க."

எனக்குக் கை நடுங்கியது. அம்மா எழுத்து தெரியாதவர். அப்பா எதிரில் உட்காராதவர். அந்த அம்மா நடு ராத்திரியில் பின்கட்டில் மகளுக்குச் சைக்கிள் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு ராத்திரியாம். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தே ஓட்டினாளாம், குரங்கு பெடல் இல்லை. கடைசி ராத்திரி அம்மா கையை விட்டுவிட்டார். ஒரு சுற்று ஒழுங்காக வந்தாள், இரண்டாவது சுற்றில் கல்தொட்டி.

"அப்ப எனக்கு விழுந்த அடி?"

"அதுக்கு இன்னா பண்றது? அம்மா அன்னைக்கு உனக்கு ரெண்டு பணியாரம் சேர்த்து வச்சாங்க, நீ தின்ன" என்றாள்.

ஏன் ஓட்டக் கற்றாள் என்பதை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அந்த வருஷம்தான் எட்டாம் வகுப்பு ஈ.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். காமராசர் காலத்தில் எங்கள் ஊர் மாதிரி ஊருக்கெல்லாம் பள்ளி வந்துவிட்டது, ஆனால் எட்டு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்றைத் தாண்டி வாலாஜாபாத்துக்கு வர வேண்டும், ஐந்து மைல். சைக்கிள் ஓட்டத் தெரிந்துவிட்டால் அப்பாவிடம் கேட்கலாம் என்று அம்மாவும் மகளும் போட்ட திட்டம் அது. கேட்டார்களாம். "இருக்கறது ஒரு வண்டி, அதுல நான் புடவை எடுத்துக்கிட்டுக் காஞ்சிபுரம் போகணும். அதுவுமில்லாம பொம்பளைப் புள்ள சைக்கிள்ள போனா ஊரு சிரிக்கும்" என்றாராம் அப்பா. அத்தோடு முடிந்தது. அக்கா தறியில் உட்கார்ந்தாள்.

நாலு வருஷம் கழித்து, 1969இல் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தேன். அதே ஒரு வண்டி. அதே ஐந்து மைல். அப்பா பஸ்ஸில் காஞ்சிபுரம் போக ஆரம்பித்தார், வண்டியை என்னிடம் கொடுத்தார். ஆற்று மணலில் தள்ளிக்கொண்டு, அக்கரை ஏறி, மிதித்துப் பள்ளிக்கு வந்ததைத்தான் நான் உங்களிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "அஞ்சு மைல் மிதிச்சுப் படிச்சேன், உங்களுக்கு பஸ் பாஸ் கொடுத்தும் லேட்டா வர்றீங்க" என்று. மிதித்தது உண்மை. மணல் உண்மை. ஆனால் அந்தக் கதையை நான் பாதியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த வண்டியைக் கேட்டவள் ஒருத்தி இருந்தாள். ஓட்டவும் தெரிந்தவள். படிப்பில் என்னைவிடக் கெட்டி, அது ஊருக்கே தெரியும்.

சைக்கிள் வந்த புதிதில், 1890களில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே கூச்சல்தான் இருந்திருக்கிறது. பெண்கள் ஓட்டினால் உடம்பு கெடும், ஒழுக்கம் கெடும் என்று டாக்டர்களே எழுதினார்கள். பாவாடைக்குத் தோதாக நடுப் பார் இல்லாத லேடீஸ் வண்டி வந்தது அந்தக் காலத்தில்தான். நம் கிராமங்களுக்கு அந்தப் பேச்சு வந்து சேர இன்னும் நூறு வருஷம் ஆனது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், பால்வாடி ஆயாக்கள், கூட்டம் கூட்டமாகக் கற்றார்கள். அதற்கென்று ஒரு பாட்டே உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று சில பேர் ஜென்ட்ஸ் வண்டிதான் வேண்டும் என்று கேட்டார்களாம். அந்தச் செய்தி வந்தபோது ஆசிரியர் கூட்டங்களில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினோம். நானும் பேசினேன், பலமாகவே பேசினேன். என் வீட்டிலேயே 1965இல் ஒரு புதுக்கோட்டை நடந்திருக்கிறது என்று தெரியாமல்.

பிறகு அரசு சைக்கிள் வந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் பதினோராம் வகுப்பு எல்லாருக்கும் என்றானது. உங்களில் பாதிப் பேர் அதில்தான் வந்தீர்கள். முதலில் இலவசம், அப்புறம் விலையில்லா மிதிவண்டி. அந்த மிதிவண்டி என்ற சொல்லை பாடப் புத்தகமும் அரசாணையும் தவிர எங்கும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். சைக்கிள் கொடுக்கும் நாளில் ஸ்டாண்டு தள்ளி, ஹேண்டில் திருப்பி, பேர் கூப்பிட்டு, எங்களுக்கு உயிர் போகும். "ஓட்டுக்காகக் கொடுக்கிறான், வாங்கினதும் வித்துடுவாங்க" என்று ஆசிரியர் அறையில் பேசியவர்களில் நானும் ஒருவன். பிகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்ததை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ச்சி செய்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. கூடுதல் பலன் எங்கே என்றால், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில். அதைப் படித்தபோது புள்ளிவிவரமாகப் படித்தேன். எங்கள் ஊர் எட்டு கிலோமீட்டர்.

சைக்கிளுக்குத் திரும்புகிறேன். பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் மாணவருக்கும் பெரிய சண்டை. பழைய கறுப்பு எனாமல் பாதி இருக்கிறது. மட்கார்டில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு கொஞ்சம் மிச்சம். இதையெல்லாம் சுரண்டிப் புதுசு அடித்தால் கல்வெட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி என்றேன். "சார், துரு உள்ள போயிட்டிருக்கு, நாலு வருஷத்துல பார் ஓட்டையாயிடும், அப்ப கல்வெட்டு எங்க இருக்கும்?" என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் துரு பிடித்த இடங்களுக்கு மட்டும் ப்ரைமர் வைத்துக் கறுப்பு அடித்தோம், கோடு இருக்கும் இடத்தைத் தொடவில்லை. பார்ப்பதற்கு ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

நெளிசலை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அது ஓர் ஆவணம் அல்லவா? ஆடி மாதம் அக்கா வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து கவரை மடியில் வைத்து ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தாள். "இதை ஏன்டா இப்படியே வச்சிருக்க? தட்டி எடுத்துடு, பார்க்கவே சகிக்கல" என்றாள். நான் ஆவணம், சான்று என்று ஆரம்பித்தேன். "விழுந்ததையா மாட்டி வைப்பாங்க? நான் ஒரு சுத்து ஒழுங்கா வந்தேனே, அதுக்கு என்ன வச்சிருக்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. மறுநாளே டிங்கர் வேலை செய்கிறவரிடம் கொடுத்துத் தட்டி எடுத்துவிட்டேன். அவருடைய நெளிசல், அவருடைய தீர்ப்பு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதை அக்காவிடம் சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

அக்காவின் பேத்தி பதினொன்றாவது படிக்கிறாள், அரசு சைக்கிள் வாங்கியவள். கூடவே வந்திருந்தாள். வண்டியை ராஜவீதி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, "தாத்தா, இதுல பிரேக்கே பிடிக்கல" என்றாள். கம்பி பிரேக், இரும்பு ரிம். ஈரமாக இருந்தால் சுத்தமாகப் பிடிக்காது, காய்ந்திருந்தால் யோசித்துப் பிடிக்கும். கட்டை மாற்ற வேண்டும்.

அக்கா ஏறவில்லை. மூட்டு வலி. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தபோது கேரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைத்தான் முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன்.

இன்னும் டைனமோ கிடைக்கவில்லை. அப்பா வண்டியில் மில்லர்தான் இருந்தது, பாட்டில் மாதிரி டயரில் உரசுவது. யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியும்.